தொடர்புக்கு இந்த எண்

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த வாரத்தில்தான் லாண்ட்ரியக்காவுக்குத் தான் ஒரு நகராட்சி அதிகாரி என்பது தெரியவந்தது. பதவி புதிதல்ல. அவளுக்கே தெரியாமல் இரண்டு வருஷமாக அதில் இருந்திருக்கிறாள். சம்பளம் இல்லை, நாற்காலி இல்லை, முதல் போன் வரும்வரை வேலையும் இல்லை. வேலையில்லாத அதிகாரி என்பதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. சம்பளமும் இல்லை என்பதுதான் கொஞ்சம் புதுசு.

வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகள்தான் லாண்ட்ரி. தெருவைப் பார்த்த அறையில் மேஜை, தராசு, போன். உள்ளறையில் துவைக்கிற மெஷின் இரண்டு, காயவைக்கிற மெஷின் ஒன்று, ஜன்னலை ஒட்டி இஸ்திரி மேஜை. அதற்கும் பின்னால் சமையலறையும் படுக்கையறையும். வெயில் காலத்தில் லாண்ட்ரி லாண்ட்ரியாகவும் வீடு வீடாகவும் இருக்கும். மழைக்காலத்தில் அந்த எல்லை அழிந்துவிடும். காயவைக்கிற மெஷின் ஒன்று எத்தனைக்குத்தான் ஈடுகொடுக்கும்? கட்டிலுக்கு மேலே, அடுப்புக்கு எதிரே, குளியலறைக்குப் போகிற வழியில் எல்லாம் கயிறு கட்டி லாட்ஜ் பெட்ஷீட்டுகள் தொங்கும். சாப்பிட உட்கார்ந்தால் யாரோ ஒருவருடைய பேன்ட் கால் வந்து தலையைத் தடவும். சோப்பும் ஈரமும் கலந்த வாடை சோற்றில்கூட ஏறிவிடும்.

இஸ்திரி போடுகிறவருக்கு ஆவியண்ணன் என்று பெயர் வைத்தது தெருதான். காலையிலிருந்து நீராவிக்குள்ளேயே நிற்கிறவர். ஒரு சமயம் தலை தெரியும், ஒரு சமயம் கை தெரியும், முழு ஆளாக அவரைப் பார்ப்பது அபூர்வம். வேன் ஓட்டி வீடுவீடாகத் துணி கொண்டுபோய்க் கொடுப்பதும் அவரே. வாய் வேகமாகப் போகும், வேன் போகாது.

லாண்ட்ரியக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. வாசலில் ஆள் ஏறும்போதே, வந்தவர் வாயைத் திறக்கும் முன்பே, அவள் சொல்லிவிடுவாள். "காக்கி ரெண்டு, வெள்ளை ஒண்ணு, பாக்கெட்ல மைக்கறை, தண்ணி டாங்க் பின்னாடி பச்சை கேட் வீடு. சரியா?" வந்தவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். இத்தனை பேரில் நம்மையும் நம் வீட்டு கேட்டையும் ஞாபகம் வைத்திருக்கிறாளே என்று பூரித்துப்போய், கறை போகாததைக்கூடக் கவனிக்காமல் வாங்கிக்கொண்டு போவார். போனில் பேசினாலும் இதே கதைதான். குரலைக் கேட்டதும் அவளே எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவாள், அந்தப் பக்கம் "ஆமாம்" சொன்னால் போதும்.

அன்று வந்த போனில் கேட்டது பழக்கமில்லாத பெண்குரல்.

"தனியுரிமைக்கான அலுவலருங்களா மேடம்?"

"யாரு வேணும்?"

"நகராட்சி வெப்சைட்ல, கீழ பொடி எழுத்துல, தனியுரிமை அறிக்கைன்னு ஒரு பக்கம் இருக்கு. உங்கள் விவரங்களை நீக்க இந்த எண்ணில் அழைக்கவும்னு இந்த நம்பர்தான் போட்டிருக்கு."

'இது லாண்ட்ரி' என்று சொல்ல வாயெடுத்தவள் நகராட்சி என்றதும் நிறுத்திக்கொண்டாள். நகராட்சியில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர் அவளுடைய கணவர். ஒப்பந்த வேலை, வருஷா வருஷம் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். லாண்ட்ரி நம்பர் அங்கே ஏறியிருக்கிறதென்றால் அது அவருடைய கைங்கரியமாகத்தான் இருக்கும். கணவனைக் காட்டிக்கொடுக்க எந்த மனைவிக்கு மனசு வரும், அதுவும் தான் முதலில் திட்டித் தீர்ப்பதற்கு முன்னால்?

"சொல்லும்மா" என்றாள், குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டு.

"குழாய் உடைஞ்சு தண்ணி வீணாப் போகுதுன்னு ஆன்லைன்ல புகார் கொடுத்தேன் மேடம். குழாயைச் சரி பண்ணிட்டாங்க. ஆனா புகார் இன்னும் அப்படியே தெரியுது. என் பேரு, போன் நம்பர், பெயின்ட் கடை மாடி, படி பின்பக்கம், எல்லாம். யார் வேணும்னாலும் பார்க்கலாம்."

"பார்த்தா என்னம்மா? குழாய்தானே?"

அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் வீட்டுக்காரர்கிட்டருந்து தப்பிச்சு வந்தவ மேடம். நான் எந்த ஊர்ல இருக்கேன்னு அவருக்குத் தெரியாது. போன தடவை கண்டுபிடிச்சப்ப கையை உடைச்சார். கட்டுப் பிரிச்சதும் அங்கருந்து இந்த ஊருக்கு வந்தேன். இப்ப என் பேரைப் போட்டுத் தேடினா முதல்ல இந்தக் குழாய்தான் வந்து நிக்குது."

"போலீஸ்ல சொல்லலாமே?"

"ரெண்டு ஊர்ல சொல்லியாச்சு. எழுதி வச்சுக்கிட்டாங்க."

உள்ளே மெஷின் தண்ணீரைச் சுழற்றிக்கொண்டிருந்தது.

"உங்கள் விவரங்கள் வேறு எவருக்கும் தரப்படமாட்டாதுன்னு அந்தப் பக்கத்துல போட்டிருக்கு மேடம். அதைப் படிச்சிட்டுத்தான் அட்ரஸைக் கொடுத்தேன். இல்லேன்னா குழாய் எக்கேடு கெட்டா எனக்கென்னன்னு இருந்திருப்பேன்."

"எடுத்துடறோம்மா" என்றாள் லாண்ட்ரியக்கா. "நான் பார்த்துக்கறேன்."

கணவர் சாயங்காலம் நனைந்துபோய் வந்தார். மழைக்கோட்டை மாட்ட இடமில்லாமல் ஒரு போர்வைக்கும் இன்னொரு போர்வைக்கும் நடுவில் அதைச் செருகினார். தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு அவள் விஷயத்தை எடுத்தாள். மனிதர் மென்று விழுங்க ஆரம்பித்தார்.

"வெப்சைட்டுன்னா அந்த அறிக்கை இருந்தாகணும்னு மேலருந்து உத்தரவு. உடனே வேணும்னாங்க. நான் எங்க போய் எழுதறது? வேற ஒரு நகராட்சியோடதை எடுத்து ஊர்ப் பேரை மட்டும் மாத்திப் போட்டேன்."

"காட்டுங்க."

அவர் போனில் எடுத்துக் காட்டினார். அவள் விரலைத் துடைத்துக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தாள். ஆவியண்ணனும் நீராவியிலிருந்து தலையை நீட்டினார்.

"'படகுத்துறைப் பயணிகளின் விவரங்கள் ரகசியமாக வைக்கப்படும்.' நம்ம ஊர்ல படகுத்துறை எங்க இருக்கு?"

"அது... அந்த ஊரோடது. விட்டுப்போச்சு."

"இந்த மழை இன்னும் ஒரு வாரம் பெஞ்சா அதுக்கும் ஆள் வரும்" என்றார் ஆவியண்ணன்.

"சரி, என் நம்பர் எப்படி வந்துச்சு?"

"கடைசியில ஒரு நம்பர் போடணும். எங்க ஆபீசர்கிட்டக் கேட்டேன். 'என் நம்பரை ஊரே பார்க்கற மாதிரி போடுவியா? எனக்குன்னு ஒரு தனிமை வேண்டாமா?'ன்னு எரிஞ்சு விழுந்தார். இப்போதைக்கு இருக்கட்டும்னு ஞாபகத்துல இருந்த நம்பரைப் போட்டேன். உன் நம்பரைத் தவிர எனக்கு எந்த நம்பரும் மனப்பாடம் கிடையாது."

கடைசி வாக்கியத்தைக் கேட்டபிறகு அவளால் முழுசாகக் கோபப்பட முடியவில்லை. பாதிக் கோபத்தோடு கேட்டாள்.

"அந்தப் பொண்ணோட விவரத்தை எப்ப எடுப்பீங்க?"

"நினைச்சா எடுத்துட முடியுமா? புகாரெல்லாம் எல்லாரும் பார்க்கற மாதிரி இருக்குன்னு பரிசு வாங்கின பக்கம் அது. எடுக்கணும்னா ஆபீசர் அனுமதி வேணும். யார் சொல்லி எடுக்கறேன்னு கேப்பார். அந்தப் பொண்ணு யார்கிட்டச் சொல்லிச்சுன்னு கேப்பார். சுத்திச் சுத்தி உன் மேஜைல வந்து நிக்கும். ஒப்பந்தம் கையெழுத்தாகற நேரம் வேற."

"கையை உடைச்சிருக்கான்ங்க."

தேநீர் ஆறிப்போயிற்று. கணவர் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தொங்குகிற பெட்ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பயந்த மனிதர்தான், ஆபீசர் தும்மினால் இவருக்கு ஜலதோஷம் பிடிக்கும். ஆனால் மறுநாள் வழக்கத்துக்கு முன்னாலேயே கிளம்பிப் போனார். யாரையும் கேட்காமல் அந்தப் புகாரை எடுத்துவிட்டு அவளுக்கு "ஆச்சு" என்று ஒரே சொல்லில் செய்தி அனுப்பினார்.

அவள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னாள். முதல் தடவையாக அந்தக் குரலில் சிரிப்பு கேட்டது. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை என்றது. இந்த ஊர் பிடித்திருக்கிறது என்றது. ஜன்னலுக்குத் திரை வாங்கியிருப்பதாகச் சொன்னது. "உங்களை மாதிரி ஒரு ஆபீசர் அந்த ஊர்ல இருந்திருந்தா என் கை உடைஞ்சிருக்காது மேடம்" என்றது.

அந்த நிமிஷத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஆயுளில் ஒருநாள்கூட யாரும் அவளை மேடம் என்று கூப்பிட்டதில்லை. வாய் நிறையக் கூப்பிடுகிற பெண்ணிடம் நான் பெட்ஷீட் துவைக்கிறவள் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அது தப்பு. தப்பென்று அவளுக்கே தெரிந்தும் இருந்தது.

அதற்கப்புறம் இன்னும் இரண்டு போன் வந்தது. பக்கத்து வீட்டு நாயைப் பற்றிப் புகார் கொடுத்த ஒருவர், பக்கத்து வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டதாகவும் இப்போது நாயும் அவரும் சேர்ந்து குரைப்பதாகவும் சொன்னார். இன்னொருவர் படகுத்துறை எங்கே என்று கேட்டார். லாண்ட்ரியக்கா இருவரிடமும் பொறுமையாகப் பேசினாள். நம்பரை மாற்றட்டுமா என்று கணவர் கேட்டதற்கு, "இருக்கட்டும், யாராவது ஒருத்தர் எடுத்துப் பேசணுமில்ல" என்றாள். ஆவியண்ணன் விடுவாரா?

"ஆபீசரம்மா, இந்தச் சட்டைக்குக் கஞ்சி போடறதா வேண்டாமா? இல்ல, அதுவும் ரகசியமா?"

"கையை ஆட்டுங்கண்ணே. வாயை இல்ல."

அடுத்த நாள் மத்தியானம் லாட்ஜ் துணியைக் கட்டிக் கொடுக்க வேண்டிய அவசரம். தலையணை உறைகள் பாதி ஈரம். காயவைக்கிற மெஷின் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. லாட்ஜிலிருந்து ஆள் வந்து வாசலிலேயே நின்றான். போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் அதை இடுக்கிக்கொண்டு அவள் உறைகளை மடித்தாள்.

"வணக்கம் மேடம். தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்றது ஓர் ஆண்குரல். அவ்வளவு மரியாதையான குரலை அவள் அண்மையில் கேட்டதில்லை. "என் தங்கச்சி ஒரு புகாரை எடுக்கச் சொல்லியிருந்தா. நீங்க எடுத்துக் கொடுத்திருக்கீங்க. ரொம்ப நன்றி. ஆனா தேடிப் பார்த்தா அவ பேரும் குழாய்ப் புகார்னு ஒரு வரியும் இன்னும் தெரியுது மேடம். அழுத்தினா திறக்கல. ஆனா பேரு தெரியுது. தங்கச்சி வேலையில இருக்கா, அதான் நான் பேசறேன்."

"ஐயய்யோ, இன்னும் தெரியுதா?" உறை கையிலிருந்து நழுவியது. "யாரு, பெயின்ட் கடை மாடி, பின்பக்கப் படி, குழாய் உடைஞ்ச வீடு, கண்ணாடிக் கடையில வேலை செய்யுதே, அந்தப் பொண்ணுதானே?"

அவள் குனிந்து, நழுவிய உறையை எடுத்தாள்.

"ஆமா மேடம்" என்றது குரல். "அவளேதான். ரொம்ப நன்றி."

லாட்ஜ் ஆளை அனுப்பிவிட்டு, கணவருக்குச் சொல்ல வேண்டும், அதற்குமுன் அந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று அவள் கூப்பிட்டாள்.

"உங்க அண்ணன் பேசினார்மா. எவ்வளவு தன்மையான மனுஷன்! இன்னும் பேர் தெரியுதாமே, கவலைப்படாதே, நான்..."

"எனக்கு அண்ணன் கிடையாது மேடம்."

லாண்ட்ரியக்கா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்ன கேட்டார்? நீங்க என்ன சொன்னீங்க?"

அவள் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் ஒன்றுமே கேட்கவில்லை, எல்லாவற்றையும் நானேதான் சொன்னேன் என்பதையும் சொன்னாள்.

"அவர் இப்ப கிளம்பினா பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவார்" என்று மட்டும் சொன்னாள் அந்தப் பெண்.

"கடை வாசல்ல நில்லும்மா, இதோ வர்றேன்" என்று போனை வைத்த லாண்ட்ரியக்கா, மெஷினை அப்படியே நிறுத்திவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினாள். கேள்வி கேட்காமல் ஆவியண்ணன் வேனை எடுத்தார். முன்கண்ணாடி துடைப்பான்களில் ஒன்று மட்டும் வேலை செய்தது, அதுவும் அவர் பக்கத்தது இல்லை. போகிற வழியில் அவள் கணவரைக் கூப்பிட்டாள்.

"என் நம்பரை இப்பவே எடுங்க."

"என்னாச்சு?"

"நானே சொல்லிட்டேன்ங்க. அந்தப் பொண்ணு இருக்கற இடத்தை அவன்கிட்ட நானே சொல்லிட்டேன்."

"எடுத்துட்டா அந்த இடத்துல என்ன போடறது?" என்று கேட்டார் கணவர்.

"உங்க ஆபீசர் நம்பரைப் போடுங்க. தனிமை வேணும்னா அவர் இந்த ஊரோடதையும் சேர்த்துக் காப்பாத்தட்டும்."

"வேலை போயிடும்டி."

"போகட்டும். லாண்ட்ரிக்கு ஆள் வேணும்."

கணவர் 'சரி' என்றார்.

கண்ணாடிக் கடை வாசலில் குடையில்லாமல் ஒரு பெண் நின்றிருந்தாள். எதிர்பார்த்ததைவிடச் சின்ன வயசு. இடதுகை முழங்கைக்குக் கீழே லேசாகக் கோணியிருந்தது. வேனில் பெயின்டால் எழுதியிருந்த 'லாண்ட்ரி' என்பதைப் பார்த்தாள், பிறகு இறங்கியவளைப் பார்த்தாள்.

"நீங்கதான் அந்த மேடமா?"

"மேடம் இல்லம்மா. நான் ஆபீசரே இல்ல. லாண்ட்ரி வச்சிருக்கேன். என் வீட்டுக்காரர் நகராட்சியில வேலை பார்க்கறார். நம்பர் இல்லாத இடத்துல என் நம்பரைப் போட்டுட்டார். முதல்ல கூப்பிட்டப்பவே நான் சொல்லியிருக்கணும். சொல்லல."

"அப்ப நிஜமா யார்தான் ஆபீசர்?"

"யாருமில்லம்மா."

அந்தப் பெண் முகத்தில் வழிந்த மழைநீரைத் துடைத்தாள். திட்டியிருந்தால் லாண்ட்ரியக்காவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"வண்டியை எடுங்க" என்றாள் அவள்.

பெயின்ட் கடை மாடியில் ஒரே அறை. பாய், அடுப்பு, இரண்டு பாத்திரம், புதுத்திரை. லாண்ட்ரியக்கா வேனிலிருந்து துணிப்பைகளை எடுத்து வந்தாள். கலங்கலான தெருவில் வெள்ளைப் பைகள் இறங்குவதைப் பார்க்கிறவர்களுக்கு அழுக்குத்துணி போவதாகத்தான் தெரியும். இருவரும் பேசாமல் கட்டினார்கள். எதை எங்கே வைத்தால் குறைவாக இடம் பிடிக்கும் என்று லாண்ட்ரியக்காவின் கைக்குத் தெரியும். மற்ற எதுவும் தெரியவில்லை. அந்தப் பெண் ஜன்னல் திண்டில் ஏறித் திரையைக் கழற்றப் பார்த்தாள். கொக்கி ஒன்று சிக்கிக்கொண்டது. இழுத்தால் கிழியும் என்று பார்த்து, திரையை அப்படியே விட்டுவிட்டு இறங்கினாள்.

"எங்க வீட்டுல வந்து இரும்மா" என்றாள் லாண்ட்ரியக்கா. "நாலு நாள். நான், என் வீட்டுக்காரர், அண்ணன், எல்லாரும் இருக்கோம்."

"உங்க போன் நம்பர் அவர்கிட்ட இருக்கே. கடையைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

லாண்ட்ரியக்கா கடைசிப் பையின் வாயைக் கட்டினாள்.

பஸ் நிலையத்தில் கூட்டம் குறைவு. மழைக்கு ஒதுங்கிய ஆட்கள் கூரைக்கடியில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பஸ்கள் வந்து சேற்றைக் கலக்கிவிட்டுப் போயின. ஆவியண்ணன் இரண்டு பைகளைத் தோளில் போட்டுக்கொண்டார். லாண்ட்ரியக்கா வாங்கி வந்த ரொட்டிப் பொட்டலத்தை அந்தப் பெண் மறுக்காமல் வாங்கிக்கொண்டாள்.

"போய்ச் சேர்ந்ததும் ஒரே ஒரு போன் போட்டுடும்மா. எனக்குத் தூக்கம் வராது."

"மாட்டேன்க்கா."

"எந்த ஊர்னு வேண்டாம். சும்மா, சேர்ந்துட்டேன்னு மட்டும்."

"மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. விலை சொல்கிற மாதிரிச் சொன்னாள். பிறகு வரிசையாக நின்ற பஸ்களை நோக்கி நடந்தாள். பின்னாலேயே ஆவியண்ணன் பைகளோடு போனார்.

லாண்ட்ரியக்கா திரும்பி நின்றுகொண்டாள். எதிரே டீக்கடைச் சுவர். சுண்ணாம்பு ஊறி உரிந்துகொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் ஒரு பஸ் கிளம்பியது, இன்னொன்று கிளம்பியது, நடத்துநர்கள் ஊர்ப்பெயர்களைக் கூவினார்கள். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஒருமாதிரியாகப் பார்த்தார். அவள் கையை எடுக்கவில்லை. கண்ணீர் மட்டும் அதன்பாட்டுக்கு இறங்கி முகவாயில் சொட்டியது.

யாரோ தோளைத் தொட்டார்கள். ஆவியண்ணன், முழு ஆளாக, தலையிலிருந்து கால்வரை நனைந்து நின்றார்.

"ஏறிடுச்சு தங்கச்சி. ஜன்னலோரம் இடம் கிடைச்சுது. பையை மேல வச்சுட்டேன். டிரைவர் நல்ல ஆளாத் தெரியறார். பஸ்ஸு நேரா..."

"அண்ணே, நிறுத்துங்க!"

"என்னம்மா?"

"சொல்லாதீங்க. எந்தப் பக்கம் போகுதுன்னுகூடச் சொல்லாதீங்க."

"ஏன்? நீ என்ன வேத்து ஆளா? உனக்குத் தெரிஞ்சா என்ன இப்போ?"

"எனக்குத் தெரிஞ்சா," என்றாள் லாண்ட்ரியக்கா, "நான் சொல்லிடுவேன்ணே."